கரையில் நின்றவன்

1

சைதாப்பேட்டையில் சிறிய வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க இருக்கிற வழிகள் குறைவு. பகலெல்லாம் வாங்கிய வெயிலை மொட்டை மாடித் தளம் ராத்திரி முழுவதும் வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். சினிமாவுக்குப் போனால் நான்கு பேருக்கு ஆகிற செலவு மாதக் கடைசியில் கட்டாது. மிஞ்சுவது கடற்கரை. புளிசாதம் கட்டி எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து, அடையாறு வழியாக பெஸன்ட் நகரில் போய் இறங்கினால் எலியட்ஸ் பீச். கடலைப் பார்க்க டிக்கெட் கிடையாது. எங்கள் வீட்டில் அதற்கு 'செலவில்லாத இடம்' என்றே பெயர். என் அம்மா வைத்த பெயர். நானும் யோசிக்காமல் சொல்லிவந்திருக்கிறேன். அந்தப் பெயர் சரியில்லை என்று எனக்குத் தெரிய ஒரு சாயங்காலம் தேவைப்பட்டது. அதைப் பற்றித்தான் எழுத உத்தேசம்.

போன வருஷம் மே மாதம். முழங்கால் அளவு தண்ணீரில் என் ஏழு வயதுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மனைவி மணலில் பைகளுக்குக் காவல். எங்களுக்கு இடது பக்கம் முப்பது அடி தள்ளி இரண்டு பையன்கள் அலையில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பையன்தான் இருந்தான். மற்றவனுடைய தலை, அலை உடைகிற இடத்துக்கு அப்பால், நான் எதிர்பார்க்காத தூரத்தில் தெரிந்தது. அவன் கத்தவில்லை. முழுகுகிறவர்கள் பெரும்பாலும் கத்துவதில்லை என்று பிறகு படித்தேன்; மூச்சு விடவே நேரம் இருக்காதாம். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தலை அங்கே இருக்கக் கூடாது என்பது மட்டும்தான்.

அவனுக்கு மிக அருகில் இருந்த வளர்ந்த ஆண் நான். எனக்கு நீச்சல் தெரியாது. என் கையில் என் குழந்தையின் கை. இரண்டும் உண்மை. ஆனால் அந்தக் கணத்தில் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. என் பெண்ணின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவளைக் காப்பாற்ற அப்படிப் பிடிக்கவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அவள் பத்திரமாகத்தான் நின்றாள். நான் போகாமலிருப்பதற்கு அந்தக் கை எனக்குத் தேவைப்பட்டது. இதை எழுதுவது சுலபமாக இல்லை. ஆனால் இதை விட்டுவிட்டால் மீதிக் கட்டுரைக்கு அர்த்தம் கிடையாது.

குப்பத்துப் பக்கமிருந்து ஒருவர் ஓடி வந்தார். கைலியை அவிழ்த்து மணலில் போட்டுவிட்டு, அரை நிஜாரோடு தண்ணீரில் இறங்கினார். நேராகப் பையனை நோக்கிப் போகவில்லை. சற்றுத் தெற்கே தள்ளி இறங்கி, இழுப்பு தன்னைக் கொண்டுபோகட்டும் என்று விட்டதுபோல் போய், பையனின் தலைமுடியைப் பிடித்தார். உடனே திரும்பவும் இல்லை. கரைக்குப் பக்கவாட்டாகக் கொஞ்சதூரம் இழுத்துக்கொண்டே போய், ஒரு பெரிய அலை வந்தபோது அதோடு சேர்ந்து இருவரும் வந்து விழுந்தார்கள். இறங்கின இடத்துக்கு வெகு வடக்கே. பையனைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். பையன் வாந்தியெடுத்தான், அழுதான். பையனுடைய அப்பா அப்போதுதான் பஜ்ஜிக் கடையிலிருந்து ஓடிவந்தார். "இன்னாய்யா, கண்ண எங்க வெச்சிருந்த?" என்று அவரைப் பார்த்து ஒரு அதட்டல். அவ்வளவுதான் பேச்சு.

பையனின் அப்பா சட்டைப் பையிலிருந்து கையில் வந்த நோட்டுக்களையெல்லாம் எடுத்து நீட்டினார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. வந்தவர் அதில் ஒரு நூறு ரூபாய் நோட்டை மட்டும் உருவிக்கொண்டு, "டீ சாப்ட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கைலியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் நோட்டை எடுத்துக்கொண்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. காப்பாற்றப்பட்டது என் பிள்ளையில்லை. கொடுத்த பணம் என்னுடையதில்லை. எனக்கு எதற்கு நிம்மதி?

2

எலியட்ஸ் பீச்சுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்திருப்பார்கள். மணலுக்கு நடுவில், கடலைப் பார்த்துக்கொண்டு, வாசல்போன்ற வளைவுகளோடு நிற்கிற ஒரு கட்டடம். பல சினிமாக்களில் அதன் முன்னால் காதல் நடந்திருக்கிறது. அதன்மேல் காதலர்கள் பெயர் கிறுக்குவார்கள், கார்ப்பொரேஷன் சுண்ணாம்பு அடிக்கும், மறுபடி கிறுக்குவார்கள். அது கார்ல் ஷ்மிட் என்கிற மாலுமியின் ஞாபகார்த்தம். டேனிஷ்காரர் என்பார்கள். 1930 டிசம்பர் 30-ஆம் தேதி, இதற்கு அருகில், முழுகிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்டவர் என்று அதில் பொறித்திருக்கிறது. அப்போது இந்தக் கரை வெள்ளைக்காரர்கள் குளிக்க வருகிற இடமாக இருந்தது. கரையின் பெயரும் எலியட் என்ற ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயர்தான்.

கல்லில் இல்லாத ஒரு கதை அதைச் சுற்றி உண்டு. ஷ்மிட் காப்பாற்றியது ஒரு ஆங்கிலேயப் பெண்ணை. அன்று ராத்திரியே அவள் ஒரு விருந்தில், எதுவும் நடக்காததுபோல் சிரித்துக்கொண்டு இருந்தாள். அங்கே இருந்த கவர்னருக்கு அது தாங்கவில்லை. அந்த மாலுமிக்கு ஒரு ஞாபகச் சின்னம் எழுப்பும்படி உத்தரவிட்டார். கதை இப்படிப் போகிறது. இது நடந்ததோ இல்லையோ, இத்தனை வருஷங்களாக ஜனங்கள் இதைச் சொல்லிவருகிறார்கள் என்பது நிச்சயம். ஒரு கதையை ஜனங்கள் ஏன் விடாமல் சொல்கிறார்கள் என்பது விமர்சகன் கேட்கவேண்டிய கேள்வி.

இந்தக் கதையில் நமக்குச் சௌகரியமான இடம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்ணைத் திட்டலாம். நன்றிகெட்டவள் என்று சொன்னதும் நாம் கவர்னரின் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறோம். ஷ்மிட்டின் பக்கத்தில் நிற்பதற்குத் தண்ணீரில் இறங்கவேண்டும். கவர்னர் பக்கத்தில் நிற்கக் கோபப்பட்டால் போதும். ஒருவன் நம் கண்ணெதிரில் செய்த பெரிய காரியத்தின் கனத்தை, அதற்குச் சரியாக நடந்துகொள்ளாத இன்னொருவரைக் கண்டித்து இறக்கி வைக்கிற இந்த வழக்கம் கடற்கரையில் மட்டும் இருப்பதில்லை. எழுத்தாளன் செத்த பிறகு அவனைக் கவனிக்காத சமூகத்தைப் பழித்து நாம் எழுதுகிற அஞ்சலிக் குறிப்புகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

அந்தப் பெண் என்ன செய்திருக்கவேண்டும்? அன்று விருந்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம், ஒரு வாரம் அழுதிருக்கலாம், டென்மார்க்குக்குக் கடிதம் எழுதியிருக்கலாம். எதைச் செய்திருந்தாலும் கடன் அடைந்திருக்குமா? செத்துப்போனவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. முழுக இருந்தவள் அன்று சாயங்காலமே சிரிக்க முடிந்தது என்பதுகூட அவன் கொடுத்ததுதான். அவள் உயிரோடு இருக்கவேண்டும் என்று அவன் இறங்கினான். உயிரோடு இருக்கிறவர்கள் விருந்துக்குப் போவார்கள். இப்படி ஒரு வாதம் சாத்தியம். நான் அவளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. நன்றி என்பதை அடைக்கவேண்டிய தவணையாக நினைக்கிற வரைக்கும் அவள் என்ன செய்திருந்தாலும் தோற்றுத்தான் போயிருப்பாள் என்று சொல்கிறேன்.

எங்கள் கரையில் வந்தவர் நூறு ரூபாய் எடுத்துக்கொண்டார். அதனால் அவருக்கு ஒரு சின்னம் கிடையாது. அவருடைய செய்கை ஒரு டீயின் விலைக்கு இறங்கிவிட்டது என்று என் மனசுக்குள் எங்கேயோ ஒரு பேரேடு எழுதிக்கொண்டது. நிம்மதி அங்கிருந்துதான் வந்தது. அவர் பணம் வாங்காமல் போயிருந்தால் அவர் என்னைவிடப் பெரியவராகி இருப்பார், நான் சிறுத்திருப்பேன். வாங்கிக்கொண்டதால் அது ஒரு கொடுக்கல் வாங்கல், நான் அதைப் பார்த்த சாட்சி. இதைவிடக் கேவலமான நிம்மதி எனக்கு வாய்த்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் அவர் பக்கத்திலிருந்து இதையே யோசித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. நடுங்குகிற கையில் நீட்டின பணத்தை முழுக்க மறுத்திருந்தால் அந்த அப்பா என்ன ஆகியிருப்பார்? ஒரே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டதில் அவர் அந்த அப்பாவைக் காப்பாற்றியிருக்கிறார் என்றும் சொல்லலாம். அன்றைய இரண்டாவது காப்பாற்றல். அது எனக்கு உறைக்கவே பல நாட்கள் ஆயின.

3

முழுகுகிற குழந்தை தத்துவத்தில் ரொம்ப நாளாகப் புழங்குகிற உதாரணம். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் சீனாவில் மென்ஷியஸ், கிணற்றில் விழ இருக்கிற ஒரு குழந்தையைத் திடீரென்று பார்க்கிற எவனுக்கும் உள்ளம் பதறும் என்றார். குழந்தையின் பெற்றோரிடம் நல்ல பெயர் வாங்குவதற்காகவோ, அக்கம்பக்கத்தில் புகழ் வருமென்றோ அந்தப் பதற்றம் வருவதில்லை. மனுஷ சுபாவத்தில் கருணையின் முளை இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. இதைக் கல்லூரி நாட்களில் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. கடற்கரைக்குப் பிறகு மறுபடி படித்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். பார்க்கிறவனுக்குப் பதறும் என்கிறார் மென்ஷியஸ். அவன் ஓடிப்போய்த் தூக்குவான் என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. முளை என்றுதான் சொன்னார். எனக்கும் பதறியது. முளை என்னிடமும் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷமாக முளையாகவே இருக்கிறது.

இரண்டாவது உதாரணம் நம் காலத்தது. 1972-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் பீட்டர் சிங்கர், ஆழமில்லாத குட்டையில் முழுகிக்கொண்டிருக்கிற குழந்தையைக் கடந்துபோகிற ஒருவனைக் கற்பனை செய்தார். இறங்கினால் அவனுடைய உடுப்பில் சேறாகும், அவ்வளவுதான் நஷ்டம். இறங்காமல் போனால் அவனை நாம் மன்னிக்கமாட்டோம். அப்படியானால், சொற்ப நஷ்டத்தில் காப்பாற்றக்கூடிய தூரதேசத்துப் பசிக்காரனுக்கு உதவாமல் இருப்பதை மட்டும் எப்படி மன்னிக்கிறோம்? அப்போது அவர் மனதில் இருந்தவர்கள் கிழக்கு வங்காளத்து அகதிகள். வலுவான வாதம். தூரம் என்பது ஒரு சமாதானம் ஆகாது என்பதை அதற்குப் பின் யாரும் எளிதில் மறுக்க முடியவில்லை.

ஆனால் சிங்கரின் குட்டையில் ஆழமில்லை. உதாரணத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது. அதன் குறையும் அங்கேதான். எலியட்ஸ் பீச்சில் உடுப்பைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நீச்சல் தெரியாதவன் இறங்கினால் கரைக்கு ஒரு பிணத்துக்குப் பதில் இரண்டு வரும். ஒவ்வொரு கோடையிலும் பத்திரிகையில் வருகிற செய்தி இந்த வடிவத்தில்தான் இருக்கிறது: ஒருவன் இழுத்துக்கொண்டு போகப்படுகிறான், காப்பாற்றப் போன நண்பனும் போகிறான். சட்டமும் இதை ஒத்துக்கொள்கிறது. பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் ஆபத்தில் இருப்பவனுக்கு உதவாமல் போனால் தண்டனை உண்டு. உதவுகிறவனுக்கு ஆபத்தில்லாத பட்சத்தில் என்று நிபந்தனையும் உண்டு. நம் நாட்டில் அப்படிப் பொதுவான கட்டாயம் கிடையாது. சாலை விபத்தில் அடிபட்டவனைத் தூக்கிச் செல்கிறவனைப் போலீஸும் கோர்ட்டும் அலைக்கழிக்கக் கூடாது என்பதற்கு 2016-ல் உச்ச நீதிமன்றத்தின் அங்கீகாரமும் 2019-ல் சட்டத் திருத்தமும் வந்தன. அதாவது நல்லது செய்கிறவனைத் தண்டிக்காமலிருப்பது என்கிற அளவுக்கு வந்திருக்கிறோம்.

ஆக, எந்தச் சட்டமும் என்னைக் குற்றவாளி என்று சொல்லாது. சிங்கரே என்னை விட்டுவிடுவார். நீச்சல் தெரியாதவன் இறங்கியிருக்கவேண்டும் என்று எந்த ஒழுக்கவியலும் கேட்காது. நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "பின்ன ஏன் சார் இன்னும் அதையே போட்டு உழப்பிக்கறீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். பதில் தேடியபோது, நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே தவறு என்று பட்டது. 'ஏன் இறங்கவில்லை' என்று கேட்டால் எனக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது. 'எனக்கு ஏன் நீச்சல் தெரியாது' என்று கேட்டால் கிடைப்பதில்லை.

4

கடலிலிருந்து ஏழு கிலோமீட்டருக்குள் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் பக்கம் ஓடுகிற அடையாறுதான் எலியட்ஸ் பீச்சுக்கு வடக்கே கடலில் கலக்கிறது. 2015 டிசம்பரில் அந்த ஆறு மறைமலையடிகள் பாலத்தை முட்டி ஊருக்குள் வந்தது. இத்தனைக்குப் பிறகும் எனக்கோ என் தெருவில் எனக்குத் தெரிந்த யாருக்கோ நீச்சல் தெரியாது. நமக்குக் கடல் ஒரு காட்சி. காற்று வாங்குகிற இடம், சூரியோதயம் பார்க்கிற இடம், நவீன கவிதையில் தனிமைக்குப் படிமம். தண்ணீருக்கு ஒரு போக்கு உண்டு, இழுப்பு எங்கே இருக்கிறதென்று கரையில் நின்றே பார்த்துச் சொல்லலாம், மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் போகவேண்டும் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. அந்த அறிவை முழுவதும் கரையின் வட கோடியில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் இருப்பவர்களிடம் விட்டுவிட்டோம். அவர்கள் எப்போதும் அங்கே இருப்பார்கள் என்பதை நம்பித்தான் நம் குழந்தைகளை அலையில் விடுகிறோம்.

இதில் எனக்கு உறுத்துவது இன்னொன்று. எவர்களுடைய அறிவை நம்பி இருக்கிறோமோ அவர்கள் அங்கே இருப்பது நம் கண்ணுக்குப் பிடிப்பதில்லை. 1985-ல் எம்.ஜி.ஆர். அரசு மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கரையில் இருந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த முனைந்தது. குப்பத்து ஜனங்கள் எதிர்த்தார்கள். அந்த டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து மீனவர்கள் செத்தார்கள். அழகு என்கிற சொல்லைக் கவிதை பற்றிய விவாதங்களில் தாராளமாகப் புழங்குகிற நாம், அதே சொல் ஒரு அரசாங்க உத்தரவில் வந்தபோது என்ன செய்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

பழைய கதை என்று தள்ள முடியவில்லை. 2023 ஏப்ரலில் மெரினா லூப் ரோட்டு மீன் கடைகளால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து, கடைகள் அகற்றப்பட்டு, மீனவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 2024-ல் நொச்சிக்குப்பத்தில் ஒரு மீன் அங்காடி திறந்தார்கள். அந்த ஏப்ரலில் எங்கள் கிளையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர், "ரோட்டை அடைச்சுக்கிட்டு மீன் விக்கிறாங்க, நாத்தம் தாங்கல" என்றார். நான் மறுத்து எதுவும் சொல்லவில்லை. மறுக்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, அந்த நாற்றத்தோடு ஒரு மனிதர் ஓடி வந்து தண்ணீரில் இறங்கினார்.

நம் காலடி மணலுக்கும் ஒரு கணக்கு உண்டு. மெரினா இவ்வளவு அகலமாக இருந்ததில்லை. 1870-களின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். இந்தக் கரையோரமாக மணல், வருஷத்தின் மொத்தக் கணக்கில், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருப்பது. துறைமுகத்தின் சுவர் அதை மறித்தது. மறித்த மணல் தெற்கே சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் அதில் உலாச்சாலை அமைத்து அந்தப் பெயரையும் வைத்தார். வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வருவது நின்றது. கடல் கரையை அரித்து வீடுகளை எடுத்துக்கொண்டது. பிறகு பாறைகளைக் கொட்டித் தடுக்கவேண்டி வந்தது. மெரினாவில் நாம் குழந்தைகளுக்கு வீடு கட்டிக் காட்டுகிற மணல் வடக்கே போய்ச் சேர்ந்திருக்கவேண்டியது. யாரும் திட்டமிட்டு எடுக்கவில்லை. ஆனாலும் ஒரு பக்கம் பற்று, ஒரு பக்கம் வரவு. செலவில்லாத இடம் என்று நாங்கள் சொன்னபோது அந்தச் செலவை வேறு யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

5

பொது என்கிற சொல்லை நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். புறநானூற்றில் கபிலர் ஒரு சேர மன்னனைப் புகழும்போது, இந்த உலகம் மற்றவர்களுக்கும் பொது என்று சொல்லக் கேட்டுப் பொறுக்காதவன் என்பதைப் பெருமையாகச் சொல்கிறார். அரசனுக்கு அந்தச் சொல் காதில் விழக் கூடாது. ரோமானியச் சட்டம் காற்றையும் ஓடுகிற நீரையும் கடலையும், அதனால் கடற்கரையையும், எல்லோருக்கும் பொது என்று வைத்தது. அந்த வழியில் வந்த கொள்கையை ஏற்று 1996-ல் கமல்நாத் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், கடற்கரை போன்றவற்றுக்கு அரசு உடைமைக்காரன் அல்ல, ஜனங்கள் சார்பில் தர்மகர்த்தா என்று சொன்னது. நல்லதுதான். ஆனால் எல்லோருக்கும் என்பதில் யார் யார் என்பதை மணலில் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அலை வரைக்கும் போவதற்கு மெரினாவில் ஒரு மரப்பாதை 2022 நவம்பரில்தான் வந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு செப்பனிட்டார்கள். அதுவரை அவர்களுக்கும் சேர்த்துத்தான் பொதுக் கடற்கரை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒரு இடம் பொது என்றால் அதில் எனக்கு உரிமை உண்டு என்று பொருள் கொள்வது வழக்கம். எலியட்ஸ் பீச்சுக்குப் பிறகு எனக்கு வேறொரு பொருள் கிடைத்தது. பொது இடத்தில் முழுகுகிறவனுக்கு என்மேல் உரிமை உண்டு. அவன் யார், என்ன ஜாதி, எந்த ஊர் என்று கேட்க நேரம் கிடையாது. அந்த உரிமைக்குப் பதில் சொல்லக்கூடியவனாக என்னை வைத்துக்கொண்டிருக்கிறேனா என்பதுதான் எனக்கான கேள்வி. அந்தக் கணத்தில் நான் இறங்காதது கோழைத்தனமாக இல்லாமல் இருக்கலாம். அதற்கு முந்தைய முப்பத்தைந்து வருஷங்கள்தான் என் குற்றம்: கடலை ரசிக்க மட்டும் கற்றுக்கொண்டது, அதை அறிந்தவர்களை நாற்றம் என்று நினைக்கக் கற்றுக்கொண்டது.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று படித்திருக்கிறோம். போனவன் வருவானோ என்று கடலைப் பார்த்து நிற்கிற மனநிலை. நாம் இன்று கடற்கரைக்குப் போகிற சாயங்காலத்தையே நெய்தலுக்குரிய பொழுதாகச் சொன்னவர்கள் உண்டு. இரங்கல் என்ற சொல்லை நாம் இப்போது செத்தவர்களுக்குக் கூட்டம் போடுவதற்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மெரினாவில் நடக்க வந்தவர்களும் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் குப்பத்து ஜனங்களும் ஒரே அலையில் போனார்கள். சில நாட்கள் நகரம் முழுவதும் இரங்கியது. பிறகு மறுபடி சுண்டல், பலூன் சுடுகிற துப்பாக்கி, குதிரைச் சவாரி. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஷ்மிட் காப்பாற்றிய பெண்ணும் விருந்துக்குப் போனாள். ஆனால் அந்த இரக்கம் குப்பத்தைப் பற்றிய நம் அபிப்பிராயத்தில் எதையாவது மாற்றியதா என்று கேட்டால், நான் என் கிளையின் சாப்பாட்டு மேஜையைத்தான் காட்டவேண்டியிருக்கும்.

அடுத்த ஞாயிறு நான் மட்டும் போனேன். குப்பத்தின் பக்கம் போய், படகு நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம், போன வாரம் ஒரு பையனைக் காப்பாற்றினாரே, அவரைப் பார்க்கவேண்டும் என்றேன். "எந்தப் பையன் சார்?" என்று ஒருவர் கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். மே மாதத்தில் ஒன்றா இரண்டா என்றார் பக்கத்திலிருந்தவர். ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. கைலி, ஓட்டம், தலைமுடியைப் பிடித்த கை, நூறு ரூபாய் நோட்டு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. முகம் இல்லை. அங்கே இருந்த ஐந்தாறு பேரில் ஒருவராகவும் அவர் இருந்திருக்கலாம். "ஒண்ணும் இல்ல, சும்மா பாக்கலாம்னுதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வங்கியில் யாருக்குச் சேரவேண்டியது என்று தெரியாமல் வருகிற பணத்தை சன்ட்ரி டெபாசிட்டில் போட்டு வைப்போம். வருஷக் கடைசியில் ஆடிட்டர் வந்து இதையெல்லாம் ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று சத்தம் போடுவார். வாடிக்கையாளர் வைத்துவிட்டுப் பத்து வருஷம் திரும்பிப் பார்க்காத டெபாசிட்டாக இருந்தால், 2014-லிருந்து அதை ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு அனுப்பிவிடவேண்டும். அதற்குப் பிறகும் உரியவர் வந்து கேட்டால் கொடுத்தாகவேண்டும், உரிமை போவதில்லை. கணக்கு எழுதுகிற தொழிலில் எனக்கு மரியாதை உள்ள விதிகளில் அது ஒன்று.

இந்த வருஷம் நீச்சல் கற்றுக்கொள்ளச் சேர்ந்திருக்கிறேன். என்னோடு கற்றுக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் பத்து வயதுப் பிள்ளைகள்; அவர்களில் என் பெண்ணும் ஒருத்தி. அவள் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறாள். நான் இன்னும் தண்ணீருக்குள் கண் திறக்கப் பழகவில்லை. குளத்தில் கற்றது கடலில் உதவாது என்று குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது எனக்கும் தெரியும். கோடையில் மறுபடி எலியட்ஸ் பீச்சுக்குப் போவோம். புளிசாதமும் எடுத்துக்கொள்வோம். செலவில்லாத இடம் என்று மட்டும் இப்போது வீட்டில் நான் சொல்வதில்லை. அம்மா சொல்கிறாள். அவளைத் திருத்துவதற்கு எனக்கு இன்னும் யோக்கியதை வரவில்லை.